ஐம்பத்திரண்டு வினாடி

இன்னாசியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவன் கையில் பால்வண்ணம் கடை எண்ணெய் டின் இருந்தது. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதைப் பிறகு சொல்கிறேன்.

பையில் என்ன சத்தம் என்றுதான் நீங்கள் கேட்டீர்கள். ஒரு பித்தளை டம்ளரும் இரண்டு பாட்டிலும் உரசுகிற சத்தம். அந்த டம்ளரைப் பற்றிச் சொல்லவேண்டுமென்றால் இன்னாசியில்தான் தொடங்கவேண்டும். பஸ் தூத்துக்குடி போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. உங்களுக்குத் தூக்கம் வந்தால் தூங்குங்கள், நான் தவறாக நினைக்கமாட்டேன். உங்கள் நல்லெண்ணெய்க் கேனை மட்டும் காலுக்கு இந்தப் பக்கம் இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எஞ்சின் சூடு ஏறும்.

இன்னாசி என் மனைவியின் தம்பி. விசைப்படகு டிரைவர். தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போகிற முதல் நாள், விடிகிற நேரம். எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றிவிட்டு, படகு கட்டுகிற பாலத்தில் நின்ற என்னிடம் மீதியை டின்னோடு நீட்டினான்.

"அத்தான், இத வச்சுக்கிடுங்க. படகுல கெடந்தா சாஞ்சு போவும். சாயங்காலம் வந்து வாங்கிக்கிடுதேன்."

"இந்தாளு கடையில வாங்காதன்னு எத்தன தடவ சொல்லிருக்கேன்?"

"நீங்க டம்ளர்ல ஊத்திப் பாத்துக்கிட்டு இருங்க. அதுக்குள்ள நா ஒரு வலை மீனப் புடிச்சிட்டு வந்துருதேன்" என்று சிரித்தான்.

அவ்வளவுதான். படகு போய்விட்டது. நான் டின்னை மீன் ஏலக்கூடத்துச் சுவர்மேல் வைத்துவிட்டு அடுத்த படகு வேலைக்குப் போனேன்.

ஒன்பது மணிவாக்கில் நடுக்கடலில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. கூடப் போன டார்வின் பிறகு சொன்னான்: எண்ணெய் அழுத்தம் காட்டுகிற முள் திடீரென்று கீழே விழுந்தது, இன்னாசி எஞ்சினை நிறுத்த ஓடுவதற்குள் கட்டைபோல நின்றுவிட்டது என்று. அன்றைக்குக் கச்சான் காற்று, மேற்கேயிருந்து அடிப்பது. படகைத் தீவுப்பக்கம் பாறைக்குத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. மூன்று பேர் குதித்துவிட்டார்கள். இன்னாசி கீழே எஞ்சின் அறையில் கம்பியைப் போட்டு எஞ்சினைத் திருப்பிக்கொண்டிருந்தான். "ஒரு நிமிசம் பொறுங்கல, திரும்பிரும்" என்று கத்தினானாம். படகு பாறையில் உடைந்து அந்தப் பக்கத்து ஆழத்தில் இறங்கிவிட்டது. மறுநாள் அவன் உடல் கிடைத்தது. எஞ்சினை எடுக்க யாரும் போகவில்லை.

எஞ்சின் இறுகினால் காரணம் எண்ணெயாகத்தான் இருக்கவேண்டும். எண்ணெய் என்றால் பால்வண்ணம். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அளந்து பார்ப்பதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது.

எஞ்சினில் வேறு குறை இருந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எல்லாரும் கேட்பார்கள். குறை இருக்க வாய்ப்பில்லை. அந்த எஞ்சினைத் தடைக்காலத்தில் அக்கக்காகப் பிரித்து, பேரிங் மாற்றி, திரும்பப் பூட்டியது நான்.

நான் பள்ளிக்கூடத்தில் எட்டு வரைக்கும்தான். வேலையெல்லாம் பார்த்துப் பார்த்துக் கற்றது. இளவயதில் துறைமுகத்தில் கப்பல் பழுது பார்க்கிற கூட்டத்தில் பிட்டராக இருந்தேன். ஒரு கப்பலில் பர்மாக்காரர் ஒருவர் இரண்டாம் எஞ்சினியர். அதிகம் பேசமாட்டார், பேசினாலும் எனக்குப் புரியாது. அவரிடம் ஒரு தகரப் பலகை இருந்தது, அதில் இரண்டு வாய்க்கால். ஒன்றில் புது எண்ணெய், மற்றதில் எஞ்சினிலிருந்து எடுத்த எண்ணெய். பலகையைச் சாய்ப்பார். எது முந்தி ஓடி வருகிறது என்று பார்ப்பார். எஞ்சின் எண்ணெய் ரொம்ப முந்தினால் அதில் டீசல் கலந்துவிட்டது, ரொம்பப் பிந்தினால் கரி ஏறிவிட்டது. அவ்வளவு பெரிய கப்பலுக்கு இவ்வளவு சின்னப் பலகை.

ஒருநாள் நான் வேடிக்கை பார்ப்பதைக் கண்டு கூப்பிட்டார். என் விரலைப் பிடித்து ஒரு கிண்ணத்து எண்ணெயில் முக்கினார். பிறகு அடுத்த கிண்ணத்தில் முக்கினார். ஒன்று வெதுவெதுப்பு, ஒன்று குளிர்ச்சி. தலையை ஆட்டினார், கூடாது என்று. இரண்டு கிண்ணத்தையும் ஒரே வாளித் தண்ணீரில் இறக்கி வைத்துவிட்டு, கைக்கடிகாரத்தில் ஒரு சுற்றைக் காட்டினார். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி என் விரலை முக்கினார். இரண்டும் ஒன்றுபோல இருந்தது. அப்புறம்தான் ஊற்றினார்.

எண்ணெய் அப்படித்தான். சூடு ஏறினால் தண்ணியாகிவிடும், குளிர்ந்தால் கெட்டியாகிவிடும். கெட்டி என்றால் எடை இல்லை, அதைப் பலர் தப்பாக நினைக்கிறார்கள். ஓடச் சொன்னால் எண்ணெய் காட்டுகிற பிடிவாதம்தான் கெட்டி. புத்தகத்தில் பாகுத்தன்மை என்று போட்டிருக்கிறான். இரண்டு எண்ணெயை ஒப்பிடவேண்டுமென்றால் இரண்டும் ஒரே சூட்டில் இருக்கவேண்டும். அது எனக்கு அன்றிலிருந்தே தெரியும். எங்கள் துறையில் வேறு எவனுக்கும் தெரியாது.

வீட்டில் வந்து நானும் செய்து பார்த்தேன். கண்ணாடிச் சில்லைச் சுவரில் சாய்த்து, மேலே வரிசையாகத் தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், ஆமணக்கு, எஞ்சின் எண்ணெய் என்று ஒவ்வொரு சொட்டு. எது முதலில் கீழே வருகிறது? ஆமணக்குதான் எப்போதும் கடைசி. என் மனைவி அமலோற்பவம், நான் அமலி என்பேன், அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சொல்வாள்: "ஊருல மாட்டுக்கு ரேஸ் வுடுதாவ. எங்க வீட்டுல எண்ணெய்க்கு." அப்போது அவள் சிரிப்பாள்.

சில்லில் யார் முந்தி என்று தெரியும், எவ்வளவு முந்தி என்று தெரியாது. அதனால்தான் டம்ளர். அவள் கல்யாணச் சீரில் வந்த பித்தளை டம்ளர். அடியில் ஒரு ஓட்டை போட்டேன், அரிசி முனை அளவு. உள்ளே ஒரு கோடு கீறினேன். விரலால் ஓட்டையை மூடி, கோடுவரை எண்ணெய் ஊற்றி, விரலை எடுத்து, கடிகாரத்தைப் பார்க்கவேண்டும். நூல்போல ஓடுகிற எண்ணெய் அறுந்து சொட்டாக மாறுகிற நொடிதான் கணக்கு. எங்கள் வீட்டில் ஒரு கம்பெனி எண்ணெய், சீல் உடைக்காமல் வாங்கி, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் பாட்டிலில் வைத்திருந்தேன். அது ஐம்பத்திரண்டு வினாடி. எப்போது ஊற்றினாலும் ஐம்பத்திரண்டு, ஒன்று கூட, ஒன்று குறைய. அதுதான் என் அளவுகோல்.

இதை ஒருநாள் துறையில் படகுக்காரர்களுக்குச் செய்து காட்டிக்கொண்டிருந்தேன். பால்வண்ணம் தன் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பேரலில் எண்ணெய் வாங்கி டின்னில் ஊற்றி விற்கிறவன். திடீரென்று என்னைக் காட்டிச் சத்தமாகச் சொன்னான்: "எல்லாரும் வரிசையில வாங்கவே! தொம்மை டம்ளர்ல தீர்த்தம் குடுக்காரு, கைய நீட்டி வாங்கிக்கிடுங்க!"

கூட்டம் சிரித்தது. சிரித்தவர்களை நான் எண்ணினேன். பதினோரு பேர். இன்னாசியும் அதில் ஒருவன், அவனை நான் மன்னித்துவிட்டேன். பால்வண்ணத்தை மன்னிக்கவில்லை. அதற்காகத்தான் பின்னால் அதையெல்லாம் செய்தேன் என்று நினைக்காதீர்கள். அது வேறு, இது வேறு.

எஞ்சின் வேலையைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. நான் எப்படி வேலை செய்வேன் என்பதைக் கேளுங்கள், பிறகு அந்த எஞ்சினில் குறை இருந்திருக்குமா என்று நீங்களே சொல்லுங்கள். எஞ்சினைப் பிரித்தால் துடைக்கத் துணி வேண்டும். மற்ற மெக்கானிக்குகள் கடையில் நூல் கழிவு வாங்கித் துடைப்பார்கள். பாதியை உள்ளேயே விட்டுவிடுவார்கள். அடித்தொட்டியில் ஒரு துணி கிடந்தால் போதும், எண்ணெய் உறிஞ்சுகிற குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் எஞ்சின் ரத்தம் இல்லாத உடம்பு. அதனால் நான் கழிவு நூல் தொடமாட்டேன். அமலி பழைய சேலையில் சரியாக ஆறு துண்டு கிழித்து, ஓரம் மடித்துத் தைத்துத் தருவாள். வேலை முடிந்ததும் ஆறையும் வீட்டுக்குக் கொண்டுவருவேன். அவள் சோப்புப் போட்டு ஊறவைத்து, கொடியில் போடும்போது எண்ணுவாள். ஆறு இருந்தால் எஞ்சின் சுத்தம். இருபது வருடம் இப்படித்தான். துறையில் எவனாவது இப்படிச் செய்கிறானா?

இன்னாசி எஞ்சினுக்கு நீலச் சேலை. வேலை முடிந்த அன்று சாயங்காலம் அவள் கொடியடியில் நின்று, "ஆறு குடுத்தேன், அஞ்சுதான வந்திருக்கு?" என்று கேட்டாள்.

"காத்துல போயிருக்கும்" என்றேன்.

"நல்லாப் பாத்தியளா?"

"கச்சான்ல தார்ப்பாயே பறக்குது. துண்டு என்ன?"

அன்றைக்கு உண்மையிலேயே காற்று. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அது கிடக்கட்டும். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள். ஏலக்கூடத்தில் படகுக்காரர்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். பால்வண்ணமும் வந்திருந்தான், துக்கம் கேட்க வந்தேன் என்று. பதினோரு மணி வெயில். சுவர்மேல் அந்த டின் அப்படியே இருந்தது. யாரும் தொடவில்லை. நான் வீட்டுக்குப் போய்ப் பானைக்குப் பக்கத்திலிருந்த பாட்டிலையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு வந்தேன். முதலில் என் எண்ணெய். டார்வினிடம் கடிகாரத்தைக் கொடுத்து எண்ணச் சொன்னேன். ஐம்பத்திரண்டு. பிறகு டின்னிலிருந்து ஊற்றினேன். விரலை எடுத்தேன். சளசளவென்று ஓடியது. எல்லாரும் பார்த்தார்கள், எண்ணத் தெரியாதவனும் பார்த்தான்.

இருபத்தேழு.

ஐம்பத்திரண்டுக்கு இருபத்தேழு. யாரோ பெண்பிள்ளை ஒருத்தி பின்னாலிருந்து அழ ஆரம்பித்தாள். பால்வண்ணம் முன்னால் வந்தான். முகம் வெளிறியிருந்தது. குரல் மட்டும் நிதானமாக இருந்தது.

"தொம்மை, டின்னு அன்னையில இருந்து வெயில்ல நிக்கு. ரெண்டையும் ஒரு மணி நேரம் நெழல்ல வையி. அப்பறம் ஊத்து. நா எங்கயும் போவல."

பாருங்கள், எண்ணெய் விற்கிறவனுக்கு அது தெரிந்திருக்கிறது. எனக்கு அதுதான் ஆத்திரத்தைக் கிளப்பியது. என் வித்தையை என்னிடமே சொல்கிறான்.

"மூணு பேரு பாறையில தொத்திக்கிட்டு நின்னப்ப இன்னாசி தண்ணிக்குள்ள கெடந்தான். ஒரு மணி நேரம் பொறுன்னு அவனுக்கு யாரும் சொல்லலியே வே?" என்றேன்.

அதற்கு மேல் அங்கே நிழல், வெயில் என்று யாரும் பேசமுடியவில்லை. டின்னைத் தூக்கி அவன் கடை வாசலில் ஒருவன் கொட்டினான். பால்வண்ணம் செருப்பைக்கூடப் போடாமல் நடந்து போனான்.

டின் எண்ணெய் சூடாக இருந்ததா என்றா கேட்கிறீர்கள்? ஓட்டையை மூடியிருந்த விரலில் சூடு பட்டது, உண்மைதான். ஆனால் மைத்துனனைப் புதைத்து மூன்று நாள் ஆனவனுக்கு உடம்பெல்லாமே சூடு. அதில் விரலைத் தனியாக யார் கவனிப்பது?

ஒரு மாதத்தில் அவன் கடைக் கதவு மூடியது. துறையில் ஒருவனும் அவனிடம் வாங்கவில்லை. எனக்குத் திருப்தி இல்லை. வேம்பாரில் போய்க் கடை போட்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே பஸ் ஏறினேன், இந்த டம்ளருடன். அவன் கடைக்கு எதிரே டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, கம்பெனி எண்ணெய்ப் பாட்டிலையும், அன்று டின்னின் அடியில் மிஞ்சியதைப் பிடித்து வைத்த பாட்டிலையும் வைத்து, ஒன்றுமே பேசாமல் ஊற்றிக்கொண்டிருந்தேன். யாராவது கேட்டால் மட்டும் சொல்வேன்: "இது நல்ல எண்ணெய். இது என் மச்சினனைக் கொன்ன எண்ணெய்."

அங்கே எத்தனை வினாடி வந்தது என்கிறீர்களா? அங்கே நான் கடிகாரம் பார்க்கவில்லை. தேவைப்படவில்லை. டம்ளரைப் பார்த்ததுமே ஜனங்களுக்குப் புரிந்துவிடும்.

நாலு ஞாயிற்றுக்கிழமை போனேன். வேம்பார்க் கடையும் மூடியது. பிறகு குலசேகரன்பட்டினம் பக்கம் போனான். அங்கேயும் போனேன். மூன்றாவதாக அவன் எண்ணெய் வியாபாரத்தையே விட்டுவிட்டு, சொந்த ஊரில் கருப்பட்டி வாங்கி விற்றான். கருப்பட்டியை அளக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அதோடு விட்டேன்.

அமலி ஒவ்வொரு தடவையும் சொல்வாள். "அந்த மனுசன விட்ருங்க." நான் சட்டையை மாட்டும்போது கதவை மறித்துக்கூட நின்றிருக்கிறாள். "ஒன் தம்பிக்காகத்தான போறேன்" என்பேன். "எந் தம்பிக்காகப் போவாதிய" என்பாள். இரக்க சுபாவம். அவள் வீட்டில் எல்லாருமே அப்படித்தான், கையிலிருப்பதைக் கொடுத்துவிட்டு நிற்கிறவர்கள்.

இன்னாசி போனபிறகு அவளிடம் இன்னொரு மாற்றமும் வந்தது. எனக்கு அவள் துணி கிழித்துத் தருவதை நிறுத்திவிட்டாள். அடுத்த எஞ்சினுக்கு நான் கேட்டபோது, "கடையில நூலு வாங்கிக்கிடுங்க" என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. துக்கத்தில் இருக்கிறவளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று நானும் மறுபடி கேட்கவில்லை. பத்து வருடம் கேட்கவில்லை. அவளும் அந்த ஆறாவது துண்டைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை. மறந்திருப்பாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளும் போய்விட்டாள். சர்க்கரை, பிறகு சிறுநீரகம். கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் என் வலது கையைப் பிடித்து, உள்ளங்கையையும் விரல்களையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். எண்ணெய்க் கறை போகாத கை. "என்ன பாக்க?" என்றேன். ஒன்றுமில்லை என்று தலையசைத்தாள்.

முக்காணி தாண்டிவிட்டோமா? ஆற்றுப் பாலம் வந்ததே, கவனிக்கவில்லை. நேரம் இருக்கிறது.

போன வாரம் ஒரு போன். பால்வண்ணத்தின் மகள், சுயம்புகனி. பள்ளிக்கூட வாத்திச்சி. "அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ரெண்டாவது தடவ. டாக்டர் நாள் சொல்லிட்டாரு. ஒங்களப் பாக்கணும்ங்காவ. அந்த டம்ளரையும் ரெண்டு பாட்டிலையும் எடுத்துட்டு வரச் சொல்லுதாவ."

போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். பிறகு நினைத்தேன், அவன் சாகிற முன்னால் இன்னொரு தடவை இருபத்தேழு வினாடியைக் காதால் கேட்டுவிட்டுச் சாகட்டும். என்னைப் பற்றி நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். அதற்காகத்தான் போனேன். அந்த டின் எண்ணெயை, ஒவ்வொரு தடவை ஊற்றியபிறகும் பாட்டிலில் திருப்பி அரக்கு வைத்து மூடி, பன்னிரண்டு வருடமாகச் சாட்சியாக வைத்திருந்தேன். கம்பெனி எண்ணெயும் அதே மாதிரி ஒரு பாட்டில். இரண்டையும் எடுத்துக்கொண்டு நேற்றுக் கிளம்பினேன். அங்கிருந்துதான் இப்போது திரும்புகிறேன்.

கட்டிலில் கிடந்தான். ஆளே பாதியாகிவிட்டான். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. இடது கைதான். பேச்சு கொஞ்சம் குழறியது, ஆனால் புரிந்தது.

"வாவே தொம்மை. தீர்த்தம் கொண்டாந்தியா?"

நான் சிரிக்கவில்லை.

"கனி, வாளியில தண்ணி கொண்டா" என்றான். மகள் கொண்டுவந்தாள். இரண்டு பாட்டிலையும் அதில் இறக்கி வைக்கச் சொன்னான். "ஒரு மணி நேரம். எனக்கு அவசரமில்ல. எமனுக்குத்தான் அவசரம், அவன் காத்துக்கிட்டு இருக்கட்டும்."

ஒரு மணி நேரம் எதிரெதிரே இருந்தோம். அந்தப் பெண் எனக்குக் காப்பி கொடுத்தாள். குடித்தேன். பால்வண்ணம் கண்ணை மூடிக் கிடந்தான். இடையில் ஒரு தடவை, "ஒம் பொஞ்சாதி எப்ப தவறுனா?" என்றான். சொன்னேன். "நல்ல மனுசி" என்றான். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

நேரம் ஆனதும் நான் பாட்டில்களை எடுத்து இரண்டிலும் விரலை விட்டுப் பார்த்தேன். பழக்கம். இரண்டும் ஒரே குளிர்ச்சி. முதலில் கம்பெனி எண்ணெய். மகள் செல்போனில் நேரம் பார்த்தாள். ஐம்பத்திரண்டு.

அடுத்ததற்கு நான் விரலை வைக்கப் போனேன். "இரு" என்றான் பால்வண்ணம். "நா மூடுதேன்." இடது கையைக் கட்டிலுக்கு வெளியே நீட்டி, ஆட்காட்டி விரலை டம்ளருக்கு அடியில் கொண்டுவந்தான். மகள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நான் கோடுவரை ஊற்றினேன். ஓட்டையில் அவன் விரல். உடனே எடுக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஜில்லுன்னு இருக்கு தொம்மை. அன்னைக்கு ஒனக்கு எப்பிடி இருந்துச்சு?"

எண்ணெய் கோட்டில் நிற்கிறதா என்று குனிந்து பார்த்தேன். அவன் விரலை எடுத்தான்.

நூல்போல ஓடியது. இருபது. இருபத்தேழு. நான் நூலையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது அறுகிற மாதிரி இல்லை. நாற்பது. மகள் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். அறுந்தது.

"அம்பத்தொண்ணு" என்றாள் அவள்.

பன்னிரண்டு வருடம் மூடிக் கிடந்தால் எந்த எண்ணெயும் கெட்டிப்பட்டுப்போகும் என்று சொன்னேன். சொல்லத்தானே வேண்டும். அந்தப் பெண் மரியாதையாகத்தான் கேட்டாள்: "அப்படின்னா அந்த இன்னொரு பாட்டிலும் கெட்டிப்பட்டிருக்கணுமே, மாமா? அது மட்டும் ஏன் அப்படியே இருக்கு?" நன்றாகப் படித்த பெண். வாத்திச்சி இல்லையா.

பால்வண்ணம் ஜெயித்த முகம் காட்டுவான் என்று காத்திருந்தேன். காட்டினால் திட்டிவிட்டு எழுந்து வந்திருப்பேன். அவன் துண்டில் விரலைத் துடைத்துவிட்டுப் படுத்துக்கொண்டான்.

"ஒம் பொஞ்சாதி இங்க வந்தா" என்றான். "நா கருப்பட்டிக் கட போட்ட வருசம். தனியா வந்தா. இந்தா, நீ இருக்க எடத்துல தரையில ஒக்காந்தா. ஒரு பாடு அழுதா. 'எந் தம்பி சாவுக்கு நீங்க காரணமில்ல அண்ணாச்சி'ன்னா. அப்பறம் யாரு காரணம்னு கேட்டேன். 'அத மட்டும் கேக்காதிய'ன்னுட்டா. ஒங்கிட்ட அவ ஒண்ணும் சொல்லலியா?"

"இல்ல" என்றேன்.

"இத்தன வருசத்துல?"

"இல்ல."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். பிறகு கேட்டான்: "எண்ணெய் நல்ல எண்ணெய்தான? அப்ப அந்த எஞ்சினுக்கு என்னதான் ஆச்சு தொம்மை?"

எஞ்சின் கடலுக்கடியில் கிடக்கிறது, எனக்கு எப்படித் தெரியும் என்றேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். நான் டம்ளரைத் துடைத்துப் பையில் போட்டேன். வாசல்வரை அந்தப் பெண் வந்தாள். "வந்ததுக்கு ரொம்ப நன்றி" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவன் செத்தபிறகும் நான் அவனை மன்னிக்கப்போவதில்லை. தீர்த்தம் என்று சொன்னானே, பதினோரு பேர் முன்னால். அது ஒன்று பாக்கி இருக்கிறது. மற்றது...

மற்றதற்கு என்ன. அமலி இதற்காகத் தனியாகப் பஸ் ஏறி அவ்வளவு தூரம் போயிருக்கிறாள். என்னோடு ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சாப்பிட்டுக்கொண்டு. போனது எந்த நாள் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. நான் வேலைக்குப் போயிருந்த நாளாக இருக்கும்.

முல்லைக்காடு வந்துவிட்டது. நீங்கள் இங்கேதானே இறங்கவேண்டும்? கேனைப் பார்த்து எடுங்கள், மூடி தளர்ந்திருக்கிறது. தொட்டுப் பாருங்கள், இந்தப் பக்கம் வைத்தும் சூடு ஏறித்தான் இருக்கிறது. வீட்டுக்குப் போனதும் ஆறவையுங்கள்.

அமலியின் பெட்டியை நான் அவள் போனபிறகுதான் திறந்தேன். மேலே கல்யாணச் சேலை. அதற்கடியில் இன்னாசியின் போட்டோ. போட்டோவுக்கடியில் நீலத்துணி, துவைத்து, இஸ்திரி போட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து வைத்திருந்தாள். எண்ணிப் பார்த்தேன். ஐந்து துண்டு.